காசு வாங்காமல் ஆடிய கேப்டனுக்குச் சோறு போட்டது யார்?

கேள்வி கேட்டவர் யாரென்று எனக்குத் தெரியாது. அவர் ஒரு ரீல்ஸ் பார்த்திருக்கிறார். "உலகத்தின் முதல் சர்வதேசக் கால்பந்துப் போட்டியில் இங்கிலாந்துக்குக் கேப்டன் கத்பர்ட் ஆட்டவே. கிரிக்கெட்டிலும் கில்லாடி. ஒரு பைசா வாங்காமல் ஆடினார். 27 வயதில் விடிய விடிய டான்ஸ் ஆடிச் செத்துப்போனார். இரண்டு ஆட்டத்திலும் இங்கிலாந்துக்காக ஆடிய முதல் மனிதர்." இதில் எவ்வளவு உண்மை, காசு வாங்காமல் ஆடினால் பிழைப்பு எப்படி ஓடியது என்று கேட்கிறார். ஐந்து தகவலைச் சரிபார்த்துத் தரச் சொல்வதுபோல இருந்தாலும், அவர் மனசில் நிற்பது அந்தக் கடைசிக் கேள்விதான் என்று எனக்குப் படுகிறது. ஒருவன் வருஷம் முழுக்க விளையாடிக்கொண்டே இருந்தால் வீட்டில் அடுப்பு எப்படி எரியும்? நம்மூரில் மேட்ச் ஆடப் போன எந்தப் பையனும் அம்மாவிடம் கேட்டிருக்கும் கேள்விதான் இது. அதனால் மற்றதைச் சொல்லிக்கொண்டே அதற்கு வருகிறேன்.

முதலில் என்னைப் பற்றி ஒரு வரி. நான் சரித்திரப் பேராசிரியர் இல்லை. 22 வருஷம் லீக் கிரிக்கெட்டில் ஸ்கோரராக உட்கார்ந்தவன். மேட்ச் இல்லாத மாதங்களில் பழைய ஸ்கோர் அட்டைகளைப் படிப்பது எனக்குப் பழக்கம், வீட்டில் கேட்டால் வியாதி என்பார்கள். ஸ்கோர் அட்டை எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பது எனக்குத் தெரியும். அது ரன்னைச் சொல்லும், அவுட்டான விதத்தைச் சொல்லும். ஆடினவனுக்கு ஜுரமா, கடனா, காதலா என்று சொல்லாது. ஆட்டவே விஷயத்தில் அட்டை சொல்வதை அடித்துச் சொல்வேன், மற்றதைச் சொல்லும்போது "சொல்கிறார்கள்" என்று சேர்த்துக்கொள்வேன். (பேரிலேயே 'ஆட்டம்' இருக்கிறது பாருங்கள். தமிழில் எழுதிப் பார்க்கும்போதுதான் தெரிகிறது.)

அவர் பிறந்தது 1850 ஜூலை 19, இங்கிலாந்தின் தென்கிழக்கு முனையில் இருக்கும் டோவர் துறைமுகத்தில். அப்பா ஜேம்ஸ் ஆட்டவே அறுவை மருத்துவர், அந்த ஊர் மேயராகவும் இருந்தவர். ஒரே பிள்ளை. இந்த இரண்டு விஷயத்தையும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள், சோற்றுக் கணக்கில் பிறகு வேண்டும். படிப்பு ஈட்டன் பள்ளியில், அதற்கப்புறம் ஆக்ஸ்ஃபோர்டில் பிரேஸ்நோஸ் கல்லூரி. 1869-இல் லார்ட்ஸ் மைதானத்தில் ஈட்டனுக்கும் ஹாரோ பள்ளிக்கும் நடந்த மேட்சில் 108 அடித்தார். பள்ளிக்கூட மேட்ச்தானே என்று நினைக்காதீர்கள். லண்டனின் பெரிய குடும்பங்கள் குதிரை வண்டிகளை மைதானத்தைச் சுற்றி நிறுத்தி உட்கார்ந்து பார்த்த மேட்ச் அது. ஆக்ஸ்ஃபோர்டில் அவர் ஐந்து விளையாட்டில் பல்கலைக்கழகத்துக்காக ஆடினார்: கிரிக்கெட், கால்பந்து, ராக்கெட்ஸ், உள்ளரங்கு டென்னிஸ், ஓட்டம். ராக்கெட்ஸ் என்பது நான்கு சுவருக்குள் கெட்டியான பந்தைச் சுவரில் அடித்து ஆடுவது, ஸ்குவாஷுக்குத் தாத்தா முறை. அந்த டென்னிஸும் இன்றைய டென்னிஸ் இல்லை, அதற்கு முந்தைய ராஜா காலத்து ஆட்டம். கேம்பிரிட்ஜுக்கு எதிராக ஒரே ஆள் ஐந்து ஆட்டத்தில் இறங்கியது இன்றைக்கும் பெரிய விஷயமாகப் பேசப்படுகிறது.

இப்போது 'அமெச்சூர்' என்ற சொல். நாம் இதை "கத்துக்குட்டி" என்ற அர்த்தத்தில் பயன்படுத்துகிறோம். அந்தக் காலத்து இங்கிலாந்தில் அர்த்தமே வேறு. அது திறமையைக் குறித்த சொல் இல்லை, குடும்பத்தைக் குறித்த சொல். கிரிக்கெட்டில் காசு வாங்காமல் ஆடும் 'ஜென்டில்மென்' என்று ஒரு சாதி, கூலிக்கு ஆடும் 'பிளேயர்ஸ்' என்று ஒரு சாதி. சாதி என்ற சொல்லைத் தெரிந்தேதான் போடுகிறேன். இரண்டு தரப்புக்கும் 1806 முதல் 1962 வரை மேட்சே நடந்தது. பல மைதானங்களில் உடை மாற்றும் அறை வேறு, உள்ளே வரும் வாசல் வேறு. ஸ்கோர் அட்டையில் பெயர் எழுதும் விதம்கூட வேறு. ஜென்டில்மேனுக்கு இன்ஷியல் முன்னால் வரும்: சி. ஜே. ஆட்டவே. கூலிக்கு ஆடுபவருக்கு வெறும் பெயர், அல்லது இன்ஷியல் பின்னால். லார்ட்ஸில் ஒரு தடவை ஒலிபெருக்கியில் அறிவிப்பே செய்தார்கள் என்று ஒரு கதை உண்டு: அட்டையில் 'எஃப். ஜே. டிட்மஸ்' என்று இருப்பதை 'டிட்மஸ், எஃப். ஜே.' என்று திருத்திப் படிக்கவும் என்று. கூலிக்கு ஆடிய ஃப்ரெட் டிட்மஸ் ஆடத் தொடங்கியது 1949-இல். ஆட்டவே செத்து எழுபது வருஷம் கழித்தும் இந்தப் பழக்கம் போகவில்லை என்றால், அவர் காலத்தில் எப்படி இருந்திருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். நாமெல்லாம் இன்ஷியலை முன்னால் போட்டே வளர்ந்தவர்கள். முதல் தடவை இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது, அப்புறம் வரவில்லை.

ஆட்டவே எப்படிப்பட்ட கிரிக்கெட்டர்? ஓப்பனர், விக்கெட் கீப்பர். அவசரப்படாமல் நின்று ஆடுகிறவர். இதற்கு ஒரே ஒரு மேட்சைக் கிட்டத்தில் காட்டுகிறேன், 1870 ஜூனில் லார்ட்ஸில் நடந்த ஆக்ஸ்ஃபோர்டு-கேம்பிரிட்ஜ் மேட்ச். கடைசி இன்னிங்ஸில் ஆக்ஸ்ஃபோர்டுக்கு வேண்டியது 179. ஆட்டவே ஒரு பக்கம் நங்கூரம் போட்டு 69 எடுத்தார். தரையை ஒட்டிப் பிடித்த ஒரு கேட்சில் அவர் அவுட்டானபோதும் யாரும் பதறவில்லை. ஸ்கோர் 7 விக்கெட்டுக்கு 175 ஆனது. மூன்று விக்கெட் கையில், நான்கு ரன் போதும். ஃப்ராங்க் காப்டன் பந்து வீச வந்தார். அப்போது ஓவருக்கு நான்கு பந்துதான், இதை மறக்காதீர்கள். முதல் பந்தில் ஒரு ரன், 176. அடுத்த பந்து, கேட்ச். அடுத்தது, போல்டு. கடைசிப் பந்து, போல்டு. ஓவரும் முடிந்தது, மேட்சும் முடிந்தது, கேம்பிரிட்ஜ் இரண்டு ரன்னில் ஜெயித்தது. இன்றுவரை அதற்குக் 'காப்டன் மேட்ச்' என்றே பெயர். 69 எடுத்தவர் பெயரில் இல்லை, மூன்று பந்து போட்டவர் பெயரில். ஸ்கோரராக எனக்கு இந்த ஓவரை எழுதிப் பார்க்கும் ஆசை உண்டு. சதுரத்துக்குள் ஒரு '1', மூன்று 'W', அவ்வளவுதான். அந்தச் சதுரத்தைப் பார்த்தால் மேலே இருக்கும் 69 கண்ணிலேயே படாது. ஆட்டவேயின் மொத்த வாழ்க்கையும் எனக்கு அப்படித்தான் தெரிகிறது, ஆனால் அதைப் பெரிதாக்க விரும்பவில்லை.

1872 ஆகஸ்ட், செப்டம்பரில் அவர் கனடாவுக்கும் அமெரிக்காவுக்கும் போனார். லார்ட்ஸில் எம்.சி.சி. கிளப்பின் செயலாளராக இருந்த ஃபிட்ஜெரால்ட் திரட்டிப் போன குழு அது, முழுக்க முழுக்க ஜென்டில்மேன்கள். அந்தக் காலத்தின் மிகப் பெரிய கிரிக்கெட்டரான டபிள்யூ. ஜி. கிரேஸ் அதில் இருந்தார், அவரும் ஆட்டவேயும்தான் ஓப்பனர்கள். எதிரணியில் ஒரே நேரத்தில் 22 பேர் ஆடினார்கள்! உள்ளூர் ஆட்கள் கற்றுக்குட்டிகள் என்பதால் அப்படி ஒரு சலுகை. 22 பேர் ஃபீல்டிங் நிற்கும் மைதானத்தில் ஓப்பனிங் ஆடுவதை நினைத்துப் பாருங்கள், பந்து எங்கே போனாலும் ஒருவன் நிற்பான். ராத்திரியானால் விருந்து. விருந்துக்கு விருந்து கிரேஸைப் பேசச் சொல்வார்களாம், அவர் ஒரே பேச்சை ஒரு சொல் மட்டும் மாற்றிப் பேசிச் சமாளிப்பாராம்: இந்த ஊரைப் போல நல்ல பந்துவீச்சைப் பார்த்ததில்லை, அடுத்த ஊரில் மைதானத்தைப் பார்த்ததில்லை, அதற்கடுத்த ஊரில் பெண்களைப் பார்த்ததில்லை. நம்மோடு தொடர்புள்ள ஒருவரும் அந்தக் குழுவில் இருந்தார், ஜார்ஜ் ஹாரிஸ். இவர் அப்பா மதராஸ் கவர்னராக இருந்தவர், பிற்பாடு இவரே பம்பாய் கவர்னர் ஆனார், லார்டு ஹாரிஸ் என்ற பெயரில். கனடாவில் ஹாமில்டன் ஊரைச் சேர்ந்த மேரியன் ஸ்டின்சன் என்ற பெண்ணை ஆட்டவே சந்தித்தது இந்தப் பயணத்தில்தான் என்கிறார்கள். அப்போது அவளுக்கு 13 வயது. ஐந்து வருஷம் கழித்து 1877-இல் கல்யாணம். கல்யாணம் உறுதி, முதல் சந்திப்பின் கதை குடும்பத்துக் கதை. ரீல்ஸ்காரர்கள் இதைப் பெரிய காதல் கதையாக்குவார்கள். எனக்கு அந்த 13 உறுத்துகிறது.

ஊர் திரும்பி இரண்டு மாதத்தில் அந்தக் கால்பந்து மேட்ச். 1872 நவம்பர் 30, கிளாஸ்கோவை ஒட்டிய பார்ட்டிக்கில் ஹாமில்டன் கிரசன்ட் என்ற மைதானம். அது ஒரு கிரிக்கெட் கிளப்பின் மைதானம் என்பதைக் கவனியுங்கள், கால்பந்துக்கென்று பெரிய இடமே அப்போது கிடையாது. நுழைவுக் கட்டணம் ஒரு ஷில்லிங், கூட்டம் சுமார் 4,000. ஸ்காட்லாந்தின் பதினோரு பேரும் குயின்ஸ் பார்க் என்ற ஒரே கிளப்பிலிருந்து. ஸ்காட்லாந்துக்கென்று கால்பந்துச் சங்கமே அடுத்த வருஷம்தான் உருவானது. ரீல்ஸ் சொல்வதுபோல இங்கிலாந்தின் கேப்டன் ஆட்டவேதான், இது உறுதி. ஆனால் அவர் கேப்டனாகும் திட்டமே இல்லை. ஆக வேண்டியவர் சார்லஸ் ஆல்காக், கால்பந்துச் சங்கத்தின் செயலாளர், இந்த மேட்சுக்கே மூலகாரணம். இரண்டு வாரம் முன்னால் வேறொரு மேட்சில் அடிபட்டுவிட்டதால் அவர் ஆடவில்லை, எல்லையில் நின்று அம்பயராக இருந்தார். தவிர 1870 முதல் 1872 வரை லண்டனில் 'இங்கிலாந்து - ஸ்காட்லாந்து' என்ற பெயரில் ஐந்து மேட்ச் நடந்திருந்தது. லண்டனில் குடியிருந்த ஸ்காட்லாந்துக்காரர்களையும் தாத்தா பாட்டி வழியில் ஏதோ ஒட்டுள்ளவர்களையும் திரட்டி ஆடியது என்பதால் அவை கணக்கில் வராது. கணக்கில் சேர்த்தால் முதல் கேப்டன் வேறு ஆள். அதனால் "அதிகாரபூர்வமான முதல் சர்வதேசப் போட்டியில்" என்று எழுதினால் ரீல்ஸ் சரி.

மேட்ச் 0-0. கோலே இல்லை என்றதும் சப்பென்று இருந்திருக்கும் என்று நினைப்பீர்கள். அப்போதைய பத்திரிகைகளைப் படித்தால் அப்படி இல்லை. முந்தின நாட்களில் பெய்த மழையில் தரை வழுக்கியது. கோல் கம்பங்களுக்குக் குறுக்கே கட்டை கிடையாது, ஒரு நாடாவைக் கட்டியிருந்தார்கள். முதல் பாதி முடியும் நேரம் ஸ்காட்லாந்து அடித்த பந்து நாடாவை ஒட்டிப் போனது, கூட்டம் கோல் என்று கத்தியது, அம்பயர்கள் நாடாவுக்கு மேலே போனது என்றார்கள். இங்கிலாந்துப் பையன்கள் உடம்பில் கனமானவர்கள், பந்தைக் காலில் வைத்துக்கொண்டு தனியாளாக ஓடிப் பார்ப்பதுதான் அவர்கள் பாணி. ஒருவன் பந்தோடு ஓடுவான், மற்றவர்கள் பின்னாலேயே ஓடுவார்கள், பந்து சிதறினால் பொறுக்கிக்கொள்ள. ஸ்காட்லாந்து ஆட்கள் இரண்டிரண்டு பேராகச் சேர்ந்து ஆடிச் சமாளித்தார்கள். இங்கிலாந்தின் முன்வரிசையில் ஏழு பேரா எட்டுப் பேரா என்பதில் பத்திரிகைகளே ஒத்துப்போவதில்லை, ஆகவே இணையத்தில் '1-1-8' (பின்னால் ஒருவர், நடுவில் ஒருவர், முன்னால் எட்டுப் பேர்) என்று படம் போட்டுக் காட்டினால் முழுசாக நம்பிவிடாதீர்கள். இன்னொன்று. அந்த மேட்சுக்கு டீம் போட்டோ கிடையாது. போட்டோக்காரர் வந்தார், பிரதி வாங்கிக்கொள்வதாக ஆட்டக்காரர்கள் உறுதி சொல்லவில்லை, அவர் கிளம்பிப் போய்விட்டார் என்பது கதை. 'கிராஃபிக்' பத்திரிகையில் வில்லியம் ரால்ஸ்டன் வரைந்த படங்கள்தான் மிச்சம். ரீல்ஸில் பதினோரு பேர் வரிசையாக நிற்கும் போட்டோ காட்டியிருந்தால் அது வேறு ஏதோ மேட்ச்.

அந்த இங்கிலாந்து அணிக்குள்ளேயே ஒரு விரிசல் இருந்ததையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் சோற்றுக் கேள்விக்கு அதில் பாதி விடை இருக்கிறது. வடக்கே ஷெஃபீல்டிலிருந்து வந்த சார்லஸ் கிளெக் என்பவர் அன்று ஆடினார். பிற்காலத்தில் கால்பந்துச் சங்கத்தின் தலைவராகி 'சர்' பட்டமும் வாங்கினார். அணியில் சிலர் பெரிய திமிர் பிடித்தவர்கள், ஷெஃபீல்டிலிருந்து வந்த ஒருவனை அவர்கள் ஆளாகவே மதிக்கவில்லை என்று ரொம்ப வருஷம் கழித்து நினைவுகூர்ந்தார். அவர் குறிப்பிட்டது கேப்டனைத்தானா என்பதற்கு ஆதாரம் கிடையாது, ஆட்டவே தலையில் அதைக் கட்டிவிடக் கூடாது. கிளெக்கும் கூலிக்கு ஆடியவர் இல்லை, வக்கீல். ஒரே அணியில் ஆடும் இரண்டு அமெச்சூர்களுக்குள்ளேயே பள்ளிக்கூடப் பெயர் இப்படி வேலை செய்தது என்றால், தொழிற்சாலையில் வேலை செய்கிறவன் சனிக்கிழமைக் கூலியை விட்டுவிட்டு எங்கே வந்து ஆட?

இங்கிலாந்தின் கால்பந்துச் சங்கம் நடத்தும் எஃப்.ஏ. கோப்பையின் இறுதிப் போட்டிகளைச் சீக்கிரம் கடந்துவிடுகிறேன், அட்டையில் எல்லாம் இருக்கிறது. 1873-இல் ஆக்ஸ்ஃபோர்டுக்காக ஆடி வாண்டரர்ஸ் கிளப்பிடம் 2-0 தோல்வி. அந்த மேட்ச் காலையிலேயே நடந்தது, ஏனென்றால் அன்று தேம்ஸ் நதியில் படகுப் போட்டி, எல்லோருக்கும் அதைப் பார்க்கப் போக வேண்டும். 1874-இல் கேப்டனாக ராயல் இன்ஜினியர்ஸ் என்ற ராணுவ அணியை 2-0 என வென்று கோப்பை. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகம் அந்தக் கோப்பையை வாங்கியது அந்த ஒரு தடவைதான். அந்த மார்ச் மாதத்தை மட்டும் பாருங்கள்: 7-ஆம் தேதி கிளாஸ்கோவில் மறுபடியும் இங்கிலாந்துக்குக் கேப்டன், ஸ்காட்லாந்திடம் 2-1 தோல்வி, 14-ஆம் தேதி லண்டனில் கோப்பை, 30-ஆம் தேதி கேம்பிரிட்ஜுடன் முதல் பல்கலைக்கழகக் கால்பந்து மேட்ச், 1-0 வெற்றி. 1875-இல் பழைய ஈட்டன் மாணவர்கள் அணிக்காக மூன்றாவது இறுதிப் போட்டி, அதில் கணுக்காலில் அடிபட்டு வெளியேறினார், மறு ஆட்டத்தில் இல்லை. அதோடு பெரிய கால்பந்து முடிந்தது. மிடில்செக்ஸுக்காக 1876 வரை கிரிக்கெட் ஆடினார்.

சரி, சோறு. மேலே சொன்ன இரண்டு விஷயத்துக்கு வாருங்கள்: டாக்டர் அப்பா, ஒரே பிள்ளை. 27 வருஷ வாழ்க்கையில் பெரும் பகுதி பள்ளிக்கூடம், பல்கலைக்கழகம். அதுவரை செலவு அப்பாவுடையது, மேட்ச் ஆடுவது படிப்போடு சேர்ந்த விஷயம். அதற்குப் பிறகு சட்டம் படித்து பாரிஸ்டர் ஆனார். ஒரு ஜென்டில்மேனுக்கு மரியாதையாகச் செய்யக்கூடிய தொழில்கள் கொஞ்சம்தான்: சட்டம், சர்ச், ராணுவம், பள்ளிக்கூடம். அந்த 1872 அணியில் ஆட்டவேயோடு ஆடிய ஆக்ஸ்ஃபோர்டுக்காரர் ஆர்னல்டு கர்க் ஸ்மித் பாதிரியார் ஆனார். (அன்று அவர் போட்டிருந்த சட்டை இன்றும் பத்திரமாக இருக்கிறது.) ஆக, காசு வாங்காமல் ஆடினார் என்பது உண்மைதான், ஆனால் அதில் தியாகம் எதுவும் இல்லை. காசு வாங்கியிருந்தால்தான் அவருக்கு நஷ்டம். ஜென்டில்மேன் என்ற இடம் போய்விடும், கிளப்புகளில் நாற்காலி போய்விடும், அட்டையில் இன்ஷியல் பின்னால் போய்விடும்.

எல்லா அமெச்சூரும் இப்படி நேர்மையாக இருந்தார்கள் என்றும் நினைக்க வேண்டாம். ஆட்டவேயோடு ஓப்பனிங் இறங்கிய கிரேஸே 1873-74 ஆஸ்திரேலியப் பயணத்துக்கு 1,500 பவுண்டும் செலவுக் காசும் வாங்கினார், பெயர் அமெச்சூர்தான். அவர் டாக்டர் படிப்பு படித்துக்கொண்டிருந்தவர், அவருக்குப் பின்னால் ஆட்டவேயின் அப்பா மாதிரி வசதியானவர்கள் இல்லை, ஆனால் அவர் வந்தால்தான் கூட்டம் வரும். ஆகவே எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டார்கள். கால்பந்தில் வடக்கு ஊர் கிளப்புகள் ஆட்டக்காரர்களுக்கு ரகசியமாகக் காசு கொடுத்துக் கொடுத்து, கடைசியில் 1885-இல் சங்கமே சம்பளத்தை அனுமதித்தது. ஆட்டவே அதைப் பார்க்கவில்லை.

அவர் 1878 ஏப்ரல் 2-ஆம் தேதி லண்டனில் இறந்தார், 28-ஐத் தொட மூன்றரை மாதம் இருந்தது. இதில் சந்தேகமே இல்லை. டான்ஸ் ஆடிவிட்டு வந்து குளிர் தாக்கி, அதில் உடம்பு கெட்டு இறந்தார் என்பது தொடர்ந்து சொல்லப்பட்டுவரும் கதை. ரீல்ஸ் இதை "டான்ஸ் ஆடியே செத்தார்" என்று சுருக்கியிருக்கிறது, அது தப்பு. டான்ஸ் அவரைக் கொல்லவில்லை. நான் டாக்டரில்லை, நோயைக் கண்டுபிடிக்கப் போவதில்லை. ஆனால் அந்தக் காலத்து மரணச் செய்திகளில் 'குளிர் தாக்கி' என்று வந்தால் அதற்குள் எதுவும் இருக்கலாம் என்பது பழைய பத்திரிகை படிக்கும் எவருக்கும் தெரியும். காசநோய்க் கிருமியை ராபர்ட் காக் கண்டுபிடித்துச் சொன்னதே 1882-இல்தான். நன்றாக ஓடியாடிக்கொண்டிருந்த 27 வயதுக்காரர் ஒரு ராத்திரிக் குளிரில் சாய்ந்தார் என்றால், ராத்திரியைக் குற்றம் சொல்வது எளிது, அதற்கு முன்னால் நுரையீரலில் என்ன இருந்தது என்று கேட்க அப்போது வழி குறைவு. கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. மேரியன் கர்ப்பமாக இருந்தார். மகள் லிலியன் பிறந்தது அப்பா போன பிறகு. லண்டனில் பாடிங்டன் பழைய கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தார்கள். கல் சிதைந்து புல் மூடிக் கிடந்து, 2013-இல் சரிசெய்து வைத்திருக்கிறார்கள்.

கடைசியாக, இரண்டு ஆட்டத்திலும் இங்கிலாந்துக்கு ஆடிய முதல் மனிதர் என்பது. இது ஆட்டவே இல்லை. அவர் ஆடிய காலத்தில் கிரிக்கெட்டில் அப்படி ஆட மேட்சே கிடையாது. 1872 அமெரிக்கப் பயணம் ஒரு தனியார் குழு, அதை இங்கிலாந்து அணி என்று எழுத முடியாது. முதல் டெஸ்ட் மெல்போர்னில் 1877 மார்ச் 15-ஆம் தேதி தொடங்கியது, அப்போது அவர் பெரிய கிரிக்கெட்டை விட்டாயிற்று. இங்கிலாந்து மண்ணில் முதல் டெஸ்ட் 1880-இல், அப்போது அவர் உயிரோடே இல்லை. அந்த டெஸ்டை ஏற்பாடு செய்தவர் யாரென்று நினைக்கிறீர்கள்? அதே சார்லஸ் ஆல்காக், அடிபட்டு எல்லையில் நின்ற அம்பயர்.

அந்தப் பெருமைக்கு உரியவர் ஆல்ஃபிரட் லிட்டில்டன், இவரும் ஈட்டன், இவரும் விக்கெட் கீப்பர், பின்னால் இவரும் பாரிஸ்டர். பிரதமர் கிளாட்ஸ்டனின் மனைவியும் இவர் அம்மாவும் உடன்பிறந்தவர்கள். 1877 மார்ச் 3-ஆம் தேதி ஸ்காட்லாந்துக்கு எதிராகக் கால்பந்து ஆடினார், 3-1 தோல்வி, இங்கிலாந்தின் அந்த ஒரு கோல் இவருடையது. பந்தை யாருக்கும் கொடுக்காமல் தானே ஓடிக்கொண்டிருந்தார் என்று கூட ஆடிய பில்லி மாஸ்ஃபர்த் குறைப்பட்டதற்கு, நான் என் சந்தோஷத்துக்காக மட்டுமே ஆடுகிறேன் என்று பதில் சொன்னாராம். மாஸ்ஃபர்த் ஷெஃபீல்டுக்காரர் என்பதைச் சேர்த்துப் படித்தால் கதை இன்னும் ருசிக்கும், ஆனாலும் கதைதான், பந்தயம் கட்ட மாட்டேன். 1880 டெஸ்டில் கிரிக்கெட்டும் ஆடிவிட்டதால் இரண்டு ஆட்டத்திலும் இங்கிலாந்துக்கு ஆடியவர் ஆனார். 1884-இல் ஓவல் டெஸ்டில் நடந்ததோ அட்டையிலேயே இருக்கிறது. ஆஸ்திரேலியா 500-ஐத் தாண்டி அடித்துக்கொண்டிருக்க, இங்கிலாந்தின் பதினோரு பேரும் பந்து போட்டுப் பார்த்தாயிற்று. கீப்பர் லிட்டில்டன் பேடைக்கூடக் கழற்றாமல் கையைத் தாழ்த்தி உருட்டிவிடுவதுபோலப் போட்டார், கிரேஸ் கீப்பிங் நின்றார். லிட்டில்டன் 19 ரன்னுக்கு 4 விக்கெட். அந்த வரிசையை எழுதிய ஸ்கோரர் ஒரு நிமிஷம் பேனாவை நிறுத்திவிட்டுத்தான் எழுதியிருப்பார்.

ஆகவே அந்த ரீல்ஸுக்குக் கீழே நீங்கள் எழுதப் போவதாக இருந்தால், கடைசி வரியில் பெயரை மாற்றச் சொல்லுங்கள். ஆட்டவேயின் சர்வதேசக் கணக்கு: கால்பந்து 2 மேட்ச், இரண்டிலும் கேப்டன், கோல் இல்லை. கிரிக்கெட் இருக்கும் கட்டத்தில் ஒரு கோடு.